ஏப்ரல் சீசனுக்குள் புல் வேண்டும்

நுவரெலியாவில் பெப்ரவரி ஓரளவு காய்ந்து கிடக்கும். அப்போது எந்த ஹோட்டல் முதலாளிக்கும் முற்றத்துப் புல் ஞாபகம் வராது. சீசன் நெருங்கி, மார்ச் பாதி போன பிறகுதான் போன் வரும். "தம்பி, அந்த பிளாஸ்டிக் புல்லு கொஞ்சம் போட்டுக் குடுங்க. பாய் விரிக்கிற வேலைதானே, ஒரு நாள்ல முடிஞ்சிராது?" மார்ச், ஏப்ரலில் மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும்தான் என்பது அவருக்கும் தெரியும். அட்வான்ஸ் புக்கிங் வந்ததும் மறந்துவிடும்.

அளவு கேட்டால் கணக்கும் தயாராக இருக்கும். "இருபதுக்கு ஐம்பது. ஆயிரம் சதுர அடி. ரெண்டு ரோல் எடுத்தா மிச்சம்கூட வரும்." கடையில் பெரும்பாலும் கிடைப்பது 2 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீள ரோல். இரண்டு ரோல் 1076 சதுர அடி. பேப்பரில் அவர் சொல்வது சரிதான். ஆனால் 20 அடி என்பது 6.10 மீட்டர். மூன்று துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 6 மீட்டர். நாலு அங்குலம் குறையும். போதாததற்கு, ரோலின் ஓரத்தில் தையல் நேராக இருக்காது. ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு மூன்று தையல் வரிசையை வெட்டி எறிய வேண்டும். நீளத்திலும் அதே கூத்து. 25 மீட்டரில் 15.24 மீட்டர் துண்டு ஒன்றுதான் தேறும். மூன்றாவது துண்டை மிச்சம் இரண்டையும் குறுக்கே ஒட்டித்தான் எடுக்க வேண்டும். இதற்கு நல்ல வழி, நீள ஓரம் இரண்டிலும் 6 அங்குலம் கூழாங்கல் பட்டி விடுவது. அகலம் 19 அடியாகும், துண்டுகள் அடங்கும், பார்க்கவும் லட்சணம். குறுக்கு ஒட்டு பூச்சட்டிக்குக் கீழே போகட்டும்.

அடுத்த நாள் லொறி வந்து கல்லைக் கொட்டும்போது மனிதருக்கு நெஞ்சு அடைக்கும். "புல்லுக்கு அடியில ரோடு எதுக்கு?" ரோடுதான் ஐயா. மேல் மண்ணை 4 அங்குலம் வழித்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் 3 அங்குலம் ஏபிசி (ரோட்டுக்கு அடியில் போடும் உடைத்த கல் கலவை), 1 அங்குலம் குவாரி டஸ்ட் என்கிற கல் தூள். இந்த இடத்துக்கு, இறுகும்போது குறைவதையும் சேர்த்து, ஏபிசி மூன்றேகால் கியூப், டஸ்ட் ஒரு கியூப் (ஒரு கியூப் என்றால் 100 கன அடி). லேசாக நனைத்து, கொம்பெக்டரை ஓட்டி இறுக்க வேண்டும். 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு போதும். நூல் கட்டிப் பிடிக்காமல் கண்ணால் பார்த்துப் பிடித்த சரிவு பெரும்பாலும் ரெஸ்டூரண்ட் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும்.

மலைநாட்டில் முற்றம் என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய இடம். மேலே தேயிலை, அங்கிருந்து ஊறி வரும் தண்ணீர் கல்லுக்குள் புகுந்து டஸ்டைக் கரைத்துக்கொண்டு போகும். ஆறு மாதத்தில் புல் அப்படியே இருக்கும், கீழே குழி விழுந்திருக்கும். மேட்டுப் பக்கம் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. முதலாளி முதலில் குறைக்கச் சொல்வதும் அந்தக் கானைத்தான்.

உண்மையான சண்டை பசையோடுதான். இரண்டு துண்டுக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஓரங்களை மடக்கி, அடியில் 30 சென்டிமீட்டர் அகல டேப்பை விரித்து, இரண்டு டப்பா கலக்கும் பொலியூரித்தேன் பசையைத் தடவ வேண்டும். குளிரில் அது இறுக நேரமெடுக்கும். ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கும். அப்படியே இறுகி, ஒட்டு நெடுக வரப்பு போல மேடு தட்டும். காலையில் மூடுபனி, மத்தியானம் மழை. இடையில் கிடைக்கும் சில மணி நேரம்தான் ஒட்டுகிற நேரம். மனேஜர் ரூமில் இருந்து ஹெயார் டிரையர் கொண்டுவந்து நீட்டுவார். மேலே நார் காயும். ஈரம் நிற்பதோ அடிப்பக்கத்தில். தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி அதற்குக் கீழே ஒட்டி, மணல் மூட்டையை வரிசையாக ஏற்றி வைத்து, மறுநாள் வரை யாரையும் மிதிக்க விடாமல் இருப்பதே வழி. யாரையும் என்பதில் ஊர் சுற்றும் குதிரைகளும் அடக்கம். அவை வந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்து, சாணம் போட்டுவிட்டுப் போகும்.

நார் சாயும் திசையை எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் வையுங்கள். ஒன்று திரும்பினால் ஒரே முற்றத்தில் இரண்டு பச்சை தெரியும். கழற்றிப் போடுவதைத் தவிர மருந்து இல்லை.

கடைசியில் சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு 6 கிலோ. இங்கே 25 கிலோ மூட்டை 22 போகும். காய்ந்திருந்தால்தான் நாருக்குள் இறங்கும். மாரவில, நாத்தாண்டியா பக்கத்திலிருந்து வரும் இந்தச் சிலிக்கா மணல் விலை கூட என்று ராவோடு ராவாகக் கழுவாத ஆற்று மணலைக் கொட்டிவிட்டால், மழைக்காலத்தில் பிளாஸ்டிக்குக்கு நடுவே அசல் புல் முளைக்கும். வேர் அடித்துணிக்குள் போவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கப் போனால் முதலாளி குறுக்கே நிற்பார்: "விடுங்க தம்பி, அது நல்லா பிடிச்சிருக்கு. மத்தப் பக்கமும் இப்படி வருமா?"