சாவி என்னிடம்தான் இருந்தது

"ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போற ஆளு. கணக்கு மட்டும் எப்படிம்மா இடிக்குது?"

மேலாளர் இப்படிக் கேட்டபோது அறையில் ஆறு பேர் இருந்தோம். 4,800 ரூபாய் குறைந்தது. பணம் வாங்கிப் பெட்டியில் வைப்பது நான்தான், என்னைக் கேட்டதில் தப்பில்லை. கோயிலை ஏன் இழுக்க வேண்டும்? "ஆண்டவருக்குத் தெரியும் சார்" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் வாய் திறக்கவில்லை.

அது லெந்து காலம், பெரிய வெள்ளிக்கு முந்தைய நோன்பு நாட்கள். "அவர் வையப்படும்போது பதில்வையாமலும்" என்று இயேசுவைப் பற்றிப் பேதுரு எழுதியதை அன்று காலையில்தான் வாசித்திருந்தேன். சாயங்காலம் பேருந்து பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலைத் தாண்டும்போது, வசனத்தின்படி நடந்துவிட்டேன் என்று மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவை நினைத்தால் இப்போது கூசுகிறது. அதே வசனம் "பயமுறுத்தாமலும்" என்றும் சொல்கிறது. நான் ஆண்டவர் பேரைச் சொன்னது பயமுறுத்தத்தானோ?

மறுநாள், பெருக்கும் அக்காவின் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு தூக்குச்சட்டி, ஒரு துண்டு, பீடி இலை வெட்டுகிற கத்தரி. அவ்வளவுதான்.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் பெட்டிப் பக்கம் வந்தேனா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"வரலை" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

பெட்டிச் சாவி என் ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் அக்காவை விட்டிருப்பார்கள், பேச்சு மறுபடி என்மேல் திரும்பியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லையா? அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியாது.

மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. பணமே குறையவில்லை. ரத்துசெய்த ரசீது ஒன்று வரவில் ஏறியிருந்தது. ஏற்றியது நான் இல்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது, "நல்ல வேளை, நீ சண்டை போடலை" என்றார்கள். அதுவும் சரிதான். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது. ஆனால் "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்கிறது நீதிமொழிகள். மெதுவாகச் சொன்னாலும் அது பதில்தானே. பிரதான ஆசாரியன் முன்னால் அறை வாங்கிய இயேசுவும் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டிய மிஷனரி ரேனியஸ் ஐயரை 1835இல் அவரை அனுப்பிய மிஷனரி சங்கமே நீக்கியது. அவர் தன் பக்கத்து நியாயத்தை எழுதினார். போனவர் திரும்பி வந்து, 1838இல் பாளையங்கோட்டையிலேயே கண்ணை மூடினார். கேட்க வேண்டியதைக் கேட்பது கிருபைக்கு விரோதம் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பெரிய வெள்ளி ஆராதனையில் "தம்முடைய வாயை அவர் திறக்கவில்லை" என்று ஏசாயா புத்தகத்திலிருந்து வாசித்தபோது தலை நிமிர முடியவில்லை. அவர் வாய் திறக்காமல் நின்றபோது மற்றவர்களின் பழியை அவர் சுமந்தார். நான் வாய் திறக்காமல் நின்றபோது என் பழியை அக்கா சுமந்தார்.

மன்னிப்புக் கேட்க ஒருநாள் அக்காவிடம் போனேன். "அத விடுங்கம்மா" என்று வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இப்போதும் காலையில் என் மேசையைத்தான் முதலில் துடைக்கிறார். பையை மட்டும் உள்ளே கொண்டுவருவதில்லை, சைக்கிள் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு வருகிறார்.