மீதி மூன்று கரு

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிற வீடுகளில் வைத்தியமெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் படகு கரையில் கிடக்கும். 2023 தடைக்காலத்தில்தான் நாங்களும் மதுரைக்கு அலைந்து ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை, செய்துகொண்டோம். ஐந்து கரு தேறியது. முதலில் வைத்தது தங்கவில்லை. இரண்டாவதுதான் இப்போது வீட்டைத் தலைகீழாக்கும் என் மகள். மீதி மூன்றும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். “நம்ம ஐஸ் பெட்டியில மீனே இத்தன நாள் தாங்காதே” என்பார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் சேமிப்புக் கட்டணம் கட்டப் போனோம். இங்கிலீஷில் ஒரு படிவம் நீட்டினார்கள். தொடர்ந்து வைக்கலாம், அழிய விடலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். மூன்றாவதில் முன்னாலேயே பேனாவால் டிக் போட்டிருந்தது. “எல்லாரும் அதத்தான்மா போடுவாங்க” என்றார் கவுன்டரில் இருந்த பெண். எனக்குச் சுருக்கென்றது.

லேப் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். இந்த மாதிரி சிகிச்சைக்கென்று வந்த 2021 சட்டப்படி பத்து வருடம்வரை வைக்கலாம். பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான், அதுவும் எங்கள் சம்மதத்தோடுதான் கொடுக்க முடியும். ஆய்வகத்தில் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. 1984-இல் இங்கிலாந்தில் இதை ஆராய அரசு போட்ட வார்னாக் குழு சொன்ன கணக்கு, நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலிலும் அதேதான். ஏன் பதினான்கு? ஏறக்குறைய அப்போதுதான் உடம்பின் தலைப்பக்கம், வால்பக்கம் என்று முதல் கோடு விழுமாம். அதுவரை ஒரே கரு பிரிந்து இரட்டையாகவும் ஆகலாம். அது எனக்குப் புரிந்தது. ஆனால் எந்த நிறுவனம், என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். “அது அப்புறம் முடிவாகும்” என்றார்.

ஊருக்கு வந்து ஃபாதரிடம் கேட்டோம். ஐ.வி.எஃப்.பையே சபை ஏற்பதில்லை என்று தெரிந்துதான் போனோம். அவர் திட்டவில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் தப்பு, அழிப்பதும் தப்பு, உறையவைத்திருப்பதும் தப்பு என்றார். 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமே இதைத் தீர்க்க முடியாத அநீதி என்றுதான் சொல்கிறதாம். நல்லா இருக்கு கதை!

என் வீட்டுக்காரருக்கு ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் என்று ஆசை. எனக்கும் வேண்டாம் என்றில்லை. யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் என்னால் முடியாது. திரும்பப் போய், “நிறுவனமும் ஆராய்ச்சியும் முடிவான பிறகு எங்களைத் தனியாகக் கேட்க வேண்டும்” என்று எழுதித் தரவா என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். சரி, இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினோம். அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.