ஆணித் துளைகள்

இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் கீழ்த்தளத்தில், ஒரு பித்தளைத் தகட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவில் மன்னர். கழுத்தே தெரியாமல் வாய்வரை ஏறி நிற்கும் பவழமாலைகள். மெழுகில் உருவம் பிடித்து வார்த்த வேலை, வரி வரியாக எண்ணிவிடலாம்.

அப்புறம்தான் ஓரத்திலிருந்த ஆணித் துளைகளைக் கவனித்தேன்.

இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தில், அரண்மனைத் தூண்களில் அறைந்திருந்த தகடுகள் இவை. 1897 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை நகரைப் பிடித்தது. அரண்மனை எரிந்தது. மன்னர் ஓவொன்ராம்வெனைக் கலபார் என்ற துறைமுக நகருக்கு நாடு கடத்தினார்கள். தகடுகள் கப்பலேறின.

அப்படிப் போனவற்றில் தன்னிடம் வந்து சேர்ந்திருந்த 119 பொருட்களை நெதர்லாந்து 2025இல் திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்த மியூசியத்திடம் இன்னும் 900க்கு மேல் இருக்கின்றன.

தூணில் இருந்தவை இப்போது கம்பியில் தொங்குகின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.