வெட்டிய சீன்

"சார், இவன் பட்ட கஷ்டத்தைக் காட்டிட்டோம். இவன்கிட்ட அடி வாங்கின டீக்கடைக்காரர் கஷ்டத்தை எப்போ காட்டுறது?"

எங்கள் டிவி தொடரின் கதை டிஸ்கஷனில், கூட எழுதிய பெண் ஒருத்தி இப்படிக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. "இது டீக்கடைக்காரர் கதை இல்லம்மா" என்றேன்.

எங்கள் கதாநாயகன் கந்துவட்டிக்கு விடுபவன். திங்கட்கிழமை எபிசோடில், தவணை தவறிய டீக்கடைக்காரரின் வலது கையை முறிக்கிறான். செவ்வாய்க்கிழமை ஃபிளாஷ்பேக். பத்து வயதில் அம்மாவை அடக்கம் செய்யக் காசில்லாமல் வீடு வீடாகப் போய் நிற்கிறான். அந்த வரிசையை வகுத்தவன் நான்தான். அடித்தவனை மறுநாளே அழவிட்டால், பார்க்கிறவர்கள் அடியை மறந்துவிடுவார்கள். தெரிந்துதான் செய்தேன்.

அவள் எழுதி வந்த சீன் அரைப் பக்கம்கூட இல்லை. கட்டுப் போட்ட கையோடு டீக்கடைக்காரர் நிற்கிறார். மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். கழுத்துப் பொத்தானுக்கு வரும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வசனமே கிடையாது. சிவப்புப் பேனாவால் அதை அடித்தேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அது வந்திருந்தால் கதாநாயகனை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். தொடர் நின்றால் எத்தனை பேருக்குச் சம்பளம் போகும்! அடிபட்டு வளர்ந்தவன் முரடனாவது பொய்யும் இல்லையே. மணிரத்னத்தின் 'நாயகன்' படத்தைத்தான் அவளிடம் உதாரணம் காட்டினேன். அப்பாவைப் போலீஸ் குண்டுக்குப் பறிகொடுத்த பையன் வேலு. வளர்த்த உசேன் பாயையும் ஒரு இன்ஸ்பெக்டர் கொல்ல, வேலு அந்த இன்ஸ்பெக்டரைக் கொல்கிறான். 1987லிருந்து நாம் அவன் பக்கம்தானே நிற்கிறோம் என்றேன்.

"கடைசியில வேலுவைச் சுடுறது யாரு சார்?"

அந்த இன்ஸ்பெக்டரின் மகன், மனவளர்ச்சி குன்றியவன். அவன் குடும்பத்தை வேலுவே பார்த்துக்கொள்கிறார். அப்படியும், கோர்ட்டு விடுதலை செய்த பிறகு, அந்தக் குண்டு வருகிறது. எத்தனையோ தடவை பார்த்த படம். அவனும் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைதான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சரி, கர்ணன்? அப்புறம் தனியாக இருக்கும்போது அவனை வைத்தும் வாதாடிப் பார்த்தேன். தேரோட்டி மகன் என்று அவன் பட்ட அவமானம் நமக்கெல்லாம் மனப்பாடம். சூதாட்டச் சபையில் பாஞ்சாலியின் ஆடையைக் களையச் சொன்னவனும் அவன்தான், வியாச பாரதத்தில் இருக்கிறது. சபை நடுவே அவமானப்படுவது எப்படி இருக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? எங்கே அடித்தால் வலிக்கும் என்பதைத்தான் பட்ட வலி அவனுக்குக் கற்றுக்கொடுத்ததோ என்னவோ. ஆனால் அந்த அவமானம் இல்லாவிட்டால் அவனுக்காக நான் அழுதிருப்பேனா? அதற்கும் பதில் இல்லை.

அவள் அந்தத் தொடரோடு விலகிவிட்டாள். போன மாதம் ஒரு புதுத் தொடரில், கொலைகாரன் ஒருவனுக்கு ஃபிளாஷ்பேக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. செத்தவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.