அம்மாவின் மூக்கு

"தொட்டிக்குள்ள கருவாடு ஏதாச்சும் விழுந்துடுச்சாடா?"

காலையில் அம்மா கேட்ட பிறகுதான் பார்த்தேன். என் கடல்நீர் மீன்தொட்டியில் குடை மாதிரி விரிந்து நிற்கும் லெதர் கோரல் என்ற மென்பவளத்தின் ஓரத்தில், ஒரு ரூபாய் அளவுக்குக் கரும்பழுப்பாய், கொழகொழவென்று.

(கல் பவளம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணை. அதனால் வீட்டில் மென்பவளம் மட்டும்தான்.)

போன மாதமும் இந்தப் பவளம் ஒரு வாரம் சுருங்கிக் கிடந்தது. அது வேறு. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இந்த வகை அவ்வப்போது மெழுகு போல ஒரு படலத்தை உரித்துப் போடும், நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும், நாற்றம் வராது, அடியில் சதை முழுசாக இருக்கும். இதுவோ விரல் பட்டதும் கரைந்தது. அழுகல்.

முந்தாநாள் ராத்திரி 3 மணி நேரம் கரன்ட் இல்லை, தண்ணீர் 31 டிகிரி. கரன்ட் வந்ததும் ஃபேன் வைத்தேன், அது ஆற்றிய வேகத்தில் நீர் ஆவியாகி உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.029. இருக்க வேண்டியது 1.025.

புது பிளேடு எடுத்து, அழுகலோடு ஒட்டிய நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டினேன். மிச்சம் வைத்தால் மறுபடி பரவும். அப்புறம் தனிக் கிண்ணத்தில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அயோடின் கலந்து முக்கி, அலசி, நீரோட்டமுள்ள இடத்தில் வைத்தாயிற்று. வெட்டினால் விஷம் கசியும் என்பதால் ஃபில்டரில் புது கரி. உப்பை மட்டும் மெதுவாகத்தான் இறக்க வேண்டும், இரண்டு மூன்று நாளாகும்.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில், தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டுக்குக் கொட்டிய காசை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அம்மா இப்போது சமையலறைக்குப் போகும்போதெல்லாம் தொட்டிப் பக்கம் வந்து ஒருமுறை மோந்துவிட்டுப் போகிறார்.