சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறோம், கை கால் எப்படி என்று கேட்கிறோமா?

எங்கள் பக்கத்தில் சர்க்கரை உள்ளவர்கள் இருவர் கல்யாண வீட்டிலோ சந்தையிலோ சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்டுக்கொள்வது, "இப்ப எவ்வளவுங்க இருக்குது?" என்பதுதான். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று சொல்லிக்கொள்கிறார்கள். மருத்துவரும் அந்த அளவுகளைப் பார்த்தே மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார். அது தேவையான கேள்விதான். ஆனால் கொண்டையை நீங்களே முடிந்துகொள்ள முடிகிறதா, இருட்டில் வாசல் வரை போய்வர முடிகிறதா, போன வருஷம் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு பலருடைய அன்றாட வாழ்க்கையைக் குறுக்குவது இந்த இடத்தில்தான்.

காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா காலையும் மாலையும் இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆகியும் மாத்திரை தவறியதில்லை, ரிப்போர்ட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஒரு மாட்டை விற்றபோது, "தீவனம் விக்கிற வெலைக்கு இனி ரண்டு எதுக்கு கண்ணு" என்றார். காரணம் தீவனம் அல்ல என்பது அவர் மற்ற மாட்டைக் கறப்பதை அருகிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலைந்து முறை பீய்ச்சுவதற்குள் வலது கை மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடும். இடது கையால் அதைப் பிடித்து இழுப்பார், 'டக்'கென்று நிமிரும், மறுபடி காம்பைப் பிடிப்பார். பால் நூலாக இறங்கும், மாடு பொறுமையிழந்து காலை மாற்றும். பாதிக் கறவையில் மருமகள் வந்து, ஒன்றும் பேசாமல் போசியை வாங்கிக்கொள்வாள்.

கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைக்கச் சொல்லி மருத்துவர் பெரியம்மாவைப் பார்த்தார். இரு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருக்கும்போது, அது தோலிலும் தசைநாரிலும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. விரல் மடங்கி மாட்டிக்கொள்வதும் தோள்பட்டை இறுகிப்போவதும் மற்றவர்களைவிடச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருவதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தோள் இறுகினால் ஜாக்கெட்டுக்குள் கையை நுழைப்பதும், பின்புறம் முதுகு தேய்த்துக் குளிப்பதும், அட்டாலியில் இருக்கும் டப்பாவை எடுப்பதும் போய்விடும். இவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கால் இன்னும் மோசம், ஏனென்றால் அது வலித்துச் சொல்வதில்லை. பெரியப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. வாய்க்கால் முறைத் தண்ணீர் இரவில் வந்தால் மடை திருப்பப் போவார். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து நின்றார், மற்றது எங்கே கழன்றது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் தொடு உணர்ச்சி குறையும்போது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற அறிவும் சேர்ந்தே குறைகிறது. பகலில் கண் அதை ஈடுகட்டிவிடும். இருட்டிலோ, முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும் நேரத்திலோ தள்ளாட்டம் வெளிப்பட்டுவிடும். தோட்டத்து வீடுகளில் கழிப்பறை வாசலைத் தாண்டி இருக்கிறது, சர்க்கரை கூடினால் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியும் வருகிறது. வழியில் ஒரு விளக்கும், கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் மாத்திரைக்கு நிகரான மருத்துவம் என்றே நான் நினைக்கிறேன்.

தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடப்பவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குக் கொப்புளமும் தெரியாது, குத்திய கல்லும் தெரியாது. ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்குப் போவதற்கு அப்படி ஒரு கொப்புளமே போதும். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதைச் செய்துகொண்டு, உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடந்து, தங்கும் இடந்தோறும் உள்ளங்காலை இன்னொருவரைப் பார்க்கச் சொல்வதில் பக்திக்கு ஒரு குறையும் வராது.

இந்த நோயைப் பராமரிக்கும் வேலைகளுக்கே கண்ணும் விரலும் வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். விழித்திரை பாதித்தவர் ஊசிக்குழாயின் மெல்லிய கோடுகளை எப்படிப் படிப்பார்? விரல் விறைத்தவர் டப்பாவிலிருந்து ஒற்றைப் பரிசோதனைப் பட்டையை எப்படி எடுப்பார்? இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்து, அதற்கேற்ற ஊசிக்குழாய்; பேனாவில் 100 யூனிட் மருந்து என்ற வேறுபாடும் இருக்கிறது. கண் தெளிவில்லாதவரிடம் இதைத் தனியாக விட்டால், அளவு தவறிச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நோயுள்ளவர்களை எண்ணிவிட்டோம், அவர்கள் கைவிட்ட வேலைகளை எண்ணவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் நீரிழிவு இல்லை. பார்வை போனாலோ கால் போனாலோ அந்தக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் உண்டு; பெரும்பாலான சலுகைகளுக்கு அது 40 விழுக்காட்டை எட்ட வேண்டும். கொஞ்சம் மங்கிய கண், கொஞ்சம் மரத்த கால், கொஞ்சம் விறைத்த விரல் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து அவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும் நிலைமை அந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை.

அரசு கணக்கிடும்வரை வீட்டிலேயே கேட்கலாம். பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படி ஏறுவது, நினைவில் வைப்பது, தானே குளித்து உடுத்துவது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகிய ஆறிலும் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் சிறு கேள்வித்தொகுப்பு ஒன்றை உலக நாடுகளின் கணக்கெடுப்புகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் கைவேலை தனியாக இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அதையும் சேர்த்தே கேட்க வேண்டும், கறவையோ தறியோ பனியன் தையலோ, இங்கே பிழைப்பு விரல் நுனியில்தான் இருக்கிறது.

பெரியம்மாவால் முடியாமல் போனவற்றை ஒரு தாளில் எழுதி, ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் கொடுத்தோம். அதைப் படித்த பிறகுதான் தோளுக்கு இயன்முறைப் பயிற்சியும், விரலுக்கு ஸ்டீராய்டு ஊசியும் என்ற பேச்சே வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை மட்டுமல்லாமல் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் கேட்டால் போதும். விரலுக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறக்கூடும், ஆகவே அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துப் பாருங்கள், மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.