ஏற்காட்டுக்குக் குழந்தைகளோடு: மதியத் தூக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

சேலத்தில் இருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். "காலையில ஏறி எல்லாத்தையும் பாத்துட்டு, சாயங்காலம் இறங்கிடலாம்" என்று சேலத்துக்காரர்களே சொல்வார்கள். பெரியவர்கள் மட்டும் போனால் அது நடக்கும். ஆறு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை கூட வந்தாலும் நடக்காது. சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி. இந்த 1200 மீட்டர் ஏற்றத்தையும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பிள்ளையின் வயிறும் காதும் அந்த வேகத்துக்குப் பழகுவதில்லை. மேலே போனதும் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும். அந்த ஓய்வைக் கொடுக்காமல் அடுத்தடுத்த இடங்களுக்கு இழுத்துக்கொண்டு ஓடுவதால்தான் இரண்டு மணிக்கு அழுகை தொடங்குகிறது.

அதனால் பார்க்கும் இடங்களின் பட்டியலை அப்புறம் போடுங்கள். வீட்டில் பிள்ளை மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதை முதலில் எழுதுங்கள். ஒன்றரை மணிக்கு என்றால், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒன்றேகாலுக்கு ரூம். எழுந்து, பால் குடித்து, கிளம்ப நாலு மணி ஆகும். மிச்சம் இருப்பது காலையில் இரண்டரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், அதற்கு மேல் கொள்ளாது. இரண்டு இரவு தங்கினால் ஏற்காட்டில் பார்க்க வேண்டியது ஏறக்குறைய எல்லாமே இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஏரியைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டருக்குள்தான் முக்கிய இடங்கள் எல்லாம் இருக்கின்றன. ரூமையும் ஏரிக்கோ ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கோ பக்கத்திலேயே எடுங்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் காட்டேஜ்கள் அழகானவைதான். ஆனால் மதியத் தூக்கத்துக்காக ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வளைந்து வளைந்து திரும்ப வேண்டியிருந்தால் அந்த அழகால் பயன் இல்லை.

சென்னையில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரவு ரயிலில் ஏறுகிறார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரே ஆசை காட்டும். அது விடியுமுன்பே சேலம் சந்திப்பில் இறக்கிவிடும். அரைத் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளையை அப்படியே காரில் போட்டு மலை ஏறினால் ஏழு மணிக்கு ஏற்காட்டில் நிற்பீர்கள். ரூம் கிடைப்பதோ பன்னிரண்டு மணிக்கு. இடையில் ஐந்து மணி நேரம் எங்கே உட்காருவது? இரவு ரயில்தான் வசதி என்றால் சேலத்திலேயே, புது பஸ் ஸ்டாண்ட் அல்லது ஐந்து ரோடு பக்கம், ஒரு ரூம் எடுத்துக் காலை ஒன்பது வரை தூங்க விடுங்கள். அந்த அரை நாள் வாடகையைச் செலவாகவே நினைக்க வேண்டாம். பகல் ரயிலில் வந்து சேலத்தில் ஒரு இரவு தங்கி மறுநாள் காலை ஏறுவது இன்னும் நல்லது.

இனி ஏற்றம். இதில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அபூர்வம். இரண்டில் இருந்து பன்னிரண்டு வரைதான் அது அதிகம். கண் வண்டிக்குள் அசையாத சீட்டைப் பார்க்கிறது, உள்காது வளைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. கையில் மொபைல் கொடுத்தால் இந்த முரண் இன்னும் கூடும். அடிவாரம் வந்ததும் மொபைலை வாங்கி வைத்துவிடுங்கள். பின்சீட்டின் நடுவில், முன்கண்ணாடி வழியாகப் பாதை தெரிகிற இடம்தான் பிள்ளைக்குச் சரியான இடம். ஆனால் அங்கே வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்து, பிள்ளைக்கு பூஸ்டர் சீட் (உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) போட வேண்டியிருந்தால் ஜன்னலோரத்துக்குத்தான் மாற்ற வேண்டும், தோள் பெல்ட் முக்கியம். பெரிய பிள்ளை என்றால் வளைவை எண்ணச் சொல்லுங்கள். இருபது வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இந்த மலை அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். எண்ணுவதற்காகவாவது கண் வெளியே போகும்.

சாப்பாடு ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், போதும். பூரி வேண்டாம், முழு டம்ளர் பால் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, அதுவும் புரட்டும். ஏசியை விட ஒரு ஜன்னலைப் பாதி இறக்கிவிடுவது நல்லது. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பசங்க இருக்காங்க, வளைவுல மெதுவா." ஏறி முடிக்க ஐம்பது நிமிடம் ஆகிற இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகட்டும். வாந்திக்கு மாத்திரை தருவதானால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி எழுதி வாங்குங்கள். பெரியவர்கள் போடும் மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

வாந்தி திடீரென்று வருவதில்லை. பேசிக்கொண்டே வந்த பிள்ளை பேச்சை நிறுத்தும். கொட்டாவி விடும். எச்சிலை அடிக்கடி விழுங்கும். உதட்டோரம் வெளுக்கும், நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை துளிர்க்கும். இந்தக் கட்டத்தில் வண்டியை ஓரம் கட்டினால் வாந்தி இல்லாமலேயே தப்பிக்கலாம். வளைவிலேயே நிறுத்தக் கூடாது. வளைவு தாண்டி நேராக, அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, இறக்கி, ஐந்து நிமிடம் காற்றில் நிற்க வையுங்கள். அங்கே பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். மலைப்பாதைக் குரங்குகள் பிடுங்க வருவது பாக்கெட்டைத்தான், ஆனால் நகம் பிள்ளையின் மேல் படும். நகம் பட்டுத் தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

வாந்தி வந்தேவிட்டால் தேவைப்படுகிற பை டிக்கியில் இருக்கக் கூடாது, காலடியில் இருக்க வேண்டும். அதில் கனமான நாலு கவர், ஈரத் துண்டு, ஒரு மாற்றுச் சட்டை டிராயர், அம்மாவுக்கும் ஒரு மேல்சட்டை (இதை எல்லோரும் மறக்கிறார்கள்), சின்ன பாட்டில் தண்ணீர். வாந்தி எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றினால் அதுவும் திரும்பி வரும். பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஓஆர்எஸ் கலப்பதாக இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு மிஞ்சிப்போய்க் கெடுதல் செய்யும்.

வாடகைக் காரில் குழந்தை சீட் இருக்காது. உங்களுடையதைக் கொண்டுவருவதானால் காரை புக் செய்யும்போதே பின்சீட்டு பெல்ட் பக்கிள் வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அது சீட் கவருக்குள் புதைந்து கிடக்கும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், மீறினால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், இருபது வளைவில் மடியில் உட்கார்ந்த பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது.

ஏறிய அன்று எங்கும் போக வேண்டாம். சாப்பாடு, தூக்கம், மாலையில் ஏரிக்கரை, அவ்வளவுதான். படகுக்கு வார நாளில் போனால் வரிசை இருக்காது. டிக்கெட் வாங்கும்போதே குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே ஏறி, தலை வழியாகக் கழன்றுவிடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், தாடையைத் தாண்டினால் அது பொருந்தவில்லை. கால்மிதிப் படகில் குட்டிக் காலுக்கு மிதி எட்டாது, ஐந்து நிமிடத்தில் சலிப்பு வரும். துடுப்புப் படகோ மோட்டார் படகோ சிறியவர்களுக்குத் தோது. படகு முடிந்ததும் பக்கத்திலேயே அண்ணா பூங்கா. பிள்ளைகளைக் கேட்டால் ஏற்காட்டிலேயே சிறந்த இடம் அதன் ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் என்பார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

மறுநாள் காலைக்கு சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 5326 அடி. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டு. வெளியே மரமில்லாத விரிந்த சமவெளி. கையை விட்டு ஓட விடக்கூடிய இடம் இந்த மலையில் இதுபோல வேறு இல்லை. காற்று பலமாக அடிக்கும், காதை மூடும் குல்லா அவசியம். மாலையில் லேடீஸ் சீட். கீழே சேலம் நகரமும், நீங்கள் ஏறி வந்த வளைவுகளும் தெரியும். ஐந்தரைக்குப் போய், விளக்குகள் எரியத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பகோடா பாயிண்ட் காலை வெயிலுக்கு அழகு. ஆனால் பாறை விளிம்பு, கையைப் பிடித்தபடியேதான் நிற்க வேண்டும். ஓடித் திரியும் மூன்று வயதுப் பிள்ளையோடு போனால் பெரியவர்களால் நிம்மதியாக நிற்க முடியாது.

கிளியூர் அருவியைச் சிறு பிள்ளைகளோடு விட்டுவிடலாம். படி செங்குத்தாக இறங்குகிறது, மழைக்குப் பிறகு பாசி பிடித்து வழுக்கும். இறங்கும்போது நடந்த பிள்ளை ஏறும்போது தோளில்தான் வரும். வழுக்குப் படியில் பதினைந்து கிலோவைத் தூக்கி ஏறுவது முட்டிக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வெயில் காலத்தில் போனால் தண்ணீரும் இருக்காது. எட்டு வயதுக்கு மேல், நல்ல செருப்போடு, மழை விட்ட நாட்களில் போகலாம். அதேபோல 32 கிலோமீட்டர் லூப் ரோடு. காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவில் போகும் அருமையான பாதைதான். பிள்ளைக்கு அது மறுபடியும் ஒரு மணி நேர வளைவு. ஆசைப்பட்டால் தூங்கும் நேரத்தில் அதில் ஒரு பாதியை மட்டும் ஓட்டுங்கள். வழியில் காட்டெருமை நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹாரன் அடிக்காமல், அது போகும் வரை உள்ளேயே இருங்கள்.

குளிரைப் பற்றி ஒரு கணக்கு. 1000 மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். சேலத்தில் 38 என்றால் மேலே முப்பதை ஒட்டி இருக்கும். ஏப்ரலில் பகலில் ஸ்வெட்டரே தேவைப்படாது, ஆனால் ஒரு மழை பெய்து பனிமூட்டம் இறங்கினால் பத்து நிமிடத்தில் நிலைமை மாறும். ஒரே தடித்த ஸ்வெட்டரை விட இரண்டு மெல்லிய சட்டை மேல். சாக்ஸ் ஒரு நாளைக்கு மூன்று ஜோடி வையுங்கள், ஈரமான சாக்ஸோடு விட வேண்டாம். ஒரு லிட்டர் எலெக்ட்ரிக் கெட்டிலும் ஃபிளாஸ்க்கும் எடுத்துப்போனால் வெந்நீருக்கு ரூம் பாயைக் காத்திருக்க வேண்டாம். டயாப்பர் நாளைக்கு ஆறு, அதற்கு மேல் இரண்டு. மேலே கடைகளில் கிடைக்கும், உங்கள் சைஸ் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. காய்ச்சல் மருந்தையும் வீட்டில் கொடுக்கும் அதே பாட்டிலாக எடுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மி.கி., 250 மி.கி. என இரண்டு அளவுகளில் வருகிறது, வீட்டில் 125 கொடுத்துவிட்டு அவசரத்தில் மேலே 250 வாங்கி பழைய மில்லியையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகும்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி மணக்கும். பெரியவர்கள் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு வேகவைத்த சோளம். பட்டர் ஃப்ரூட் சீசனில் இங்கேயே விளைந்தது கிடைக்கும், பழுத்ததை மசித்து ஏழெட்டு மாதக் குழந்தைக்கே ஊட்டலாம். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். ரசம் சாதம், தயிர் சாதம் வேண்டும் என்றால் மதியமே ஹோட்டலில் சொல்லி வைத்துவிட்டால் செய்து தருவார்கள்.

எப்போது போவது? மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் பார்க்க அழகு, கைக்குழந்தையோடு போக அல்ல. மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும், ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று பிரித்துவிடுவதும் உண்டு. மார்ச் கடைசியில் இருந்து ஏப்ரல் முதல் பாதி நல்ல காலம். கோடை மழை ஒன்று விழுந்திருந்தால் காப்பிப் பூ பூத்துத் தோட்டமெல்லாம் மல்லிகை போல மணக்கும். காலாண்டு விடுமுறையும் தோதானது. ஐப்பசி அடைமழையில் பாதையில் மண் சரிவதுண்டு, அந்த வாரங்களைத் தவிருங்கள்.

இறங்கும்போது குமட்டலை விடக் காதுதான் தொல்லை. சளி பிடித்த பிள்ளைக்கு காது அடைத்து வலிக்கும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் விழுங்க வையுங்கள். கைக்குழந்தைக்கு நிறுத்திப் பால் கொடுத்து, பிறகு கிளம்புங்கள். ஓட்டுகிறவர் நீங்கள் என்றால் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். மேலே ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

காலை உணவுக்குப் பின் பத்து மணிக்கு இறங்கினால் அடிவாரத்தை ஒட்டிய குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு நேரம் இருக்கும். வார விடுமுறை எது என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் சேலத்தில் தூங்க வைத்து, மாலை ரயிலுக்கு முன் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. "குழந்தைக்கு, காரச் சட்னி வேண்டாம்" என்றால் வெறும் காய்த்துருவலோடு செய்து தருவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அதை உடைத்துத்தான் கொடுக்க வேண்டும், தட்டுவடை கடினமாக இருக்கும். "வந்ததே வந்தோம், மேட்டூர் அணையையும் பாத்துடலாமே" என்று யாராவது அப்போது சொல்வார்கள். போய்வர நூறு கிலோமீட்டர். அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.